எதை விட்டுக்கொடுப்பது? வலிய தாக்குதலுக்கு எதிரான ஆட்டத் திட்டங்கள்

ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் இருக்கிறது. தலைக்கவசங்களும் கோப்பைகளும் நிறைந்த அந்த இடத்தில் ஒரு திட்டக் குறிப்பும் பாதுகாக்கப்படுகிறது. 1991 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியின் தாக்குதலை முடக்குவதற்காக நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தடுப்புப் பயிற்சியாளர் பில் பெலிசிக் வகுத்த ஆட்டத் திட்டம் அது. ஒரு தடுப்புத் திட்டத்தைக் காட்சிப் பொருளாக வைக்கும் அளவுக்கு அந்த ஆட்டத்தில் ஒரு கேள்வி வேரூன்றியிருக்கிறது: தன்னைவிட வலிய தாக்குதல் எதிரே நிற்கும்போது ஓர் அணி என்ன செய்யலாம்?

இதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. ஓடிவந்து மோது என்றார்கள் சிலர். பின்வாங்கி நில் என்றார்கள் வேறு சிலர். பந்தையே கொடுக்காதே என்பது இன்னொரு பதில். அவற்றில் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எங்கே பலவீனப்படுகின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பதினொரு பேரின் கணக்கு

நாம் கால்பந்து என்று அழைக்கும் ஆட்டம் அல்ல இது. இங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடுவார்கள், அல்லது எறிந்து பிடிப்பார்கள். தாக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 புள்ளி. தாக்க ஒரு பிரிவு, தடுக்க வேறொரு பிரிவு என்று ஒரே அணிக்குள் இரண்டு அணிகள் இருப்பதால், தடுப்பவர்களின் சிந்தனை தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது.

தடுக்கும் பக்கத்தில் 11 பேர். தாக்கும் பக்கத்தில் குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிக்க ஐந்து பேர் வரை ஓடலாம். குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வந்ததும் எறிய அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று விநாடிக்குள்தான். நான்கு தடுப்பாளர்கள் அவரை நோக்கிப் பாய்ந்தால், ஐந்து பேரைக் கவனிக்க ஏழு பேர் மிஞ்சுகிறார்கள். ஆறு பேர் பாய்ந்தால் மிஞ்சுவது ஐந்து பேர். ஆளுக்கு ஆள், உதவிக்கு எவரும் இல்லை. பந்தோடு ஓடுபவரைத் தடுக்க முன்வரிசையில் ஆள் சேர்த்தால் பின்னால் வெளி திறக்கிறது. எல்லா இடத்தையும் ஒரே நேரத்தில் மூடப் பதினொரு பேர் போதாது. ஆகவே தடுப்புத் திட்டம் எதுவானாலும் ஆழத்தில் அது ஒரே முடிவைத்தான் எடுக்கிறது: எதை விட்டுக்கொடுப்பது?

குடையின் கீழே

நவீனப் பதில்களின் தொடக்கத்தை 1950 அக்டோபர் 1-இல் வைப்பது வழக்கம். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் வேறொரு லீக்கில் 1946 முதல் நான்கு பருவங்களும் தொடர்ந்து வென்றுவிட்டு அந்த ஆண்டுதான் தேசியத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்-க்குள் வந்தது. பால் பிரவுனின் பயிற்சி, ஓட்டோ கிரஹாமின் எறிதல். முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனான பிலடெல்ஃபியா ஈகிள்ஸை 35–10 என்று சாய்த்தது.

அந்த அணியை எதிர்கொள்ள ஜயன்ட்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் ஓவன் முன்வரிசையில் ஆறு பேரை நிறுத்தினார். ஆனால் ஓரத்தில் நின்ற இருவர் பந்து கிளம்பியதும் பின்னால் விலகி, எறியும் பந்து (பாஸ்) வரும் வழிகளை மறித்தார்கள். மேலிருந்து பார்த்தால் விரித்த குடை போலத் தெரிந்ததால் அதற்குக் ‘குடை’ என்றே பெயர் வந்தது. ஜயன்ட்ஸ் 6–0 என்று வென்றது. பிரவுன்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது அதன் வரலாற்றில் அதுவே முதல் முறை. அன்று ஜயன்ட்ஸின் பின்வரிசையில் ஆடிய டாம் லாண்ட்ரி பிற்பாடு டல்லஸ் கவ்பாய்ஸுக்கு 29 பருவங்கள் பயிற்சியாளராக இருந்தார்.

ஓவன் புதிய வீரர்களைக் கொண்டுவரவில்லை. நிற்கும் இடத்துக்கும் செய்யும் வேலைக்கும் இருந்த தொடர்பை அறுத்தார், அவ்வளவுதான். பந்து கிளம்பும்முன் கிரஹாம் பார்த்த காட்சி ஒன்று, கிளம்பியபின் நடந்தது வேறொன்று. இன்றைய தடுப்பாட்டத்தில் மாறுவேடம் என்று பேசப்படுவதன் விதை அங்கேதான் இருக்கிறது.

மோதி உடைப்பவர்கள்

இதற்கு நேர் எதிரான மரபு, எறிவதற்கான நேரத்தையே பறித்துவிடுவது. சிகாகோ பேர்ஸ் அணியில் பட்டி ரயன் உருவாக்கிய ‘46’ முறை அதன் உச்சம். எட்டுப் பேரை முன்வரிசைக்கு அருகில் குவித்து, எவர் பாய்வார், எவர் நிற்பார் என்று எதிரணியைத் திகைக்க வைப்பது. 1985 பருவத்தில் பேர்ஸ் 15 வென்று ஒன்றில் மட்டும் தோற்றது. பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46–10 என்று நசுக்கியது.

அந்த ஒரு தோல்வியில்தான் இந்த முறையின் பலவீனமும் இருக்கிறது. 1985 டிசம்பர் 2 அன்று மயாமி டால்ஃபின்ஸ் 38–24 என்று வென்றது. பந்தைப் பிடிக்க ஓடும் மூன்று ரிசீவர்களை விரித்து நிறுத்தியதில், ஓடி மோதுவதற்குப் பழகிய தடுப்பாளர்கள் விரைவான ரிசீவர்களைத் துரத்த வேண்டியதாயிற்று. மயாமியின் குவார்ட்டர்பேக் டான் மரினோ பந்தைக் கையில் வைத்திருக்கவே இல்லை. வந்த கணமே எறிந்தார். இடைவேளைக்குள் மயாமி 31 புள்ளி. பாய்வதற்கு ஆள் அனுப்பினால் அந்த ஆள் விட்டுவந்த இடம் காலியாகிறது. அந்தக் காலியிடத்தை ஒரு விநாடிக்கு முன் கண்டுபிடிக்கத் தெரிந்த குவார்ட்டர்பேக்குக்கு இந்த முறை ஒரு பரிசு.

நூறு யார்டு போகட்டும்

இனி கேன்டன் காகிதத்துக்கு வருவோம். 1990 பருவத்தின் பஃபலோ பில்ஸ், கூடிப் பேசாமலே அடுத்தடுத்து ஆடும் வேகத் தாக்குதலுக்குப் பேர்போனது. குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி களத்திலேயே ஆட்டத்தைத் தீர்மானிப்பார். அரையிறுதிக்கு நிகரான ஆட்டத்தில் ரெய்டர்ஸை 51–3 என்று முடித்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து சூப்பர் பவுல்.

ஓட்டத்தைத் தடுப்பதில் பெருமை கொண்ட தன் வீரர்களிடம் பெலிசிக் சொன்னது, பில்ஸின் பந்தோடு ஓடும் வீரர் (ரன்னிங் பேக்) தர்மன் தாமஸ் நூறு யார்டுக்கு மேல் ஓடினால் நாம் வெல்வோம் என்பது. அவர்களுக்கு அது ஒப்பவில்லை. ஆனால் கணக்கு தெளிவானது. பில்ஸைக் கெல்லியின் நீண்ட பாஸ்களிலிருந்து தாமஸின் கால்களுக்கு நகர்த்திவிட்டால், ஒவ்வொரு முறையும் நான்கைந்து யார்டுதான் போகும், நேரம் கரையும், டச்டவுனுக்கு நீண்ட வழி கடக்க வேண்டும். ஜயன்ட்ஸ் பல முறை முன்வரிசையில் இரண்டு அல்லது மூன்று பேரை மட்டும் வைத்து, மிஞ்சியவர்களைப் பாஸ் தடுக்க நிறுத்தியது. குறுக்கே ஓடிவந்து பந்து பிடித்த ரிசீவர்களைப் பிடித்த இடத்திலேயே பலமாகச் சாய்த்தார்கள். தாமஸ் 15 ஓட்டங்களில் 135 யார்டு எடுத்தார். ஜயன்ட்ஸ் 20–19 என்று வென்றது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, அப்போது பேட்ரியட்ஸின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அதே பெலிசிக் இன்னொரு பெருந்தாக்குதலைச் சந்தித்தார். செயின்ட் லூயிஸ் ராம்ஸ் மூன்று பருவங்கள் தொடர்ந்து 500 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. எல்லோரும் குவார்ட்டர்பேக் கர்ட் வார்னரைப் பற்றிப் பேச, பெலிசிக் ரன்னிங் பேக் மார்ஷல் ஃபாக்கைக் குறிவைத்தார். ராம்ஸின் தாக்குதல் முழுவதும் நேரக் கணிப்பில் ஓடுவது. அந்தக் கணிப்பின் அச்சு ஃபாக் என்பது அவர் முடிவு. பந்து வருகிறதோ இல்லையோ, ஃபாக் வெளியே ஓடும் ஒவ்வொரு முறையும் அவரை ஒருவர் இடித்துத் தாமதப்படுத்த வேண்டும். 2002 பிப்ரவரியில் 14 புள்ளி வித்தியாசத்தில் தோற்கும் என்று கணிக்கப்பட்ட பேட்ரியட்ஸ் 20–17 என்று வென்றது.

இந்த மரபின் மீது எனக்கு மதிப்பு உண்டு, ஐயமும் உண்டு. ராம்ஸ் அன்று 427 யார்டு முன்னேறியது, பேட்ரியட்ஸ் 267 மட்டுமே. மூன்று முறை பந்தைப் பறிகொடுத்ததுதான் ராம்ஸை வீழ்த்தியது. தடுப்பாளர்கள் பாஸுக்காக விரிந்து நின்றபோது முன்வரிசை மெலிந்திருந்தது. ஆனாலும் பயிற்சியாளர் மைக் மார்ட்ஸ் ஃபாக்கிடம் 17 முறைதான் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார். விட்டுக்கொடுத்ததை எதிரணி எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விட்டுக்கொடுக்கும் திட்டம், எதிரணியின் பிடிவாதத்தையும் ஓர் ஆட்டக்காரராகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது.

கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வது

அதே 1991 ஆட்டத்தில் ஜயன்ட்ஸ் இன்னொன்றும் செய்தது. 60 நிமிடத்தில் 40 நிமிடம் 33 விநாடி பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தது. மூன்றாம் கால்பகுதியின் தொடக்கத்தில் ஒரே தொடரில் 14 ஆட்டங்கள், ஒன்பதரை நிமிடம். சிறந்த தடுப்பு என்பது எதிரணியின் தாக்குதலை வெளியே உட்கார வைப்பதுதான் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைக்காது.

இந்த வாதத்தில் ஒரு பிழை உண்டு. இரு அணிகளும் மாறி மாறித்தான் பந்தைப் பெறுகின்றன. நீங்கள் மெதுவாக ஆடினால் எதிரணியின் வாய்ப்புகள் குறையும், உங்கள் வாய்ப்புகளும் அதே அளவு குறையும். எதிரணியின் திறமை ஒரு துளியும் குறைவதில்லை. 2009 செப்டம்பர் 21 அன்று மயாமி 45 நிமிடம் 7 விநாடி பந்தை வைத்திருந்தது. பேட்டன் மானிங்கின் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குக் கிடைத்தது 14 நிமிடம் 53 விநாடி. வென்றது கோல்ட்ஸ், 27–23.

ஆனால் முழுக்கப் பயனில்லை என்றும் தள்ளிவிட முடியாது. வாய்ப்புகள் குறையக் குறைய ஆட்டம் தற்செயலின் பக்கம் சாய்கிறது. தற்செயல் எளிய அணிக்கே நண்பன். பன்னிரண்டு முறை மோதினால் வலியவன் வெல்வான். எட்டு முறை என்றால் ஒரு நழுவல் போதும். கடிகார வாதத்தைத் தடுப்பு என்று கருதாமல் சூதாட்டத்தின் விதியை மாற்றுவதாகக் கருதினால் அது நிற்கிறது.

நால்வர் போதும் என்றால்

மேலே சொன்ன கணக்கைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது: நான்கு பேரை மட்டும் அனுப்பி, ஆறு பேரின் விளைவைப் பெறுவது. அப்போது பின்னால் ஏழு பேர் அப்படியே நிற்பார்கள்.

2007 பருவத்தில் பேட்ரியட்ஸ் 589 புள்ளிகள் எடுத்து, அதுவரை எவரும் எட்டாத சாதனையோடு 18 ஆட்டங்களிலும் தோற்காமல் சூப்பர் பவுலுக்கு வந்தது. ஜயன்ட்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பாக்னோலோ விரைவான ஓர வீரர்களை உள்ளே நகர்த்தி நிறுத்தினார். ஜஸ்டின் டக் நடுவழியாக வந்தார். பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி ஐந்து முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். ஜயன்ட்ஸ் 17, பேட்ரியட்ஸ் 14.

2021 பிப்ரவரியில் டாம்பா பே பக்கனீர்ஸ் அணியின் டாட் போல்ஸ் இதையே செய்தார், வேறொரு காரணத்துக்காக. பல பேரைப் பாயவிடும் பயிற்சியாளர் என்று பெயரெடுத்தவர் அவர். ஆனால் நவம்பரில் இதே கன்சாஸ் சிட்டி சீஃப்ஸிடம் 27–24 என்று தோற்ற ஆட்டத்தில், சீஃப்ஸின் ரிசீவர் டைரீக் ஹில் முதல் கால்பகுதியில் மட்டும் 203 யார்டு பிடித்திருந்தார். சூப்பர் பவுலில் போல்ஸ் தன் வழக்கத்தை விட்டார். பின்வரிசைத் தடுப்பாளர்களான இரண்டு சேஃப்டிகளை ஆழத்தில் நிறுத்தி நீண்ட பாஸ்களை மூடினார், நான்கு பேரை மட்டும் அனுப்பினார். பேட்ரிக் மஹோம்ஸின் அணியால் ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை, 31–9. 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸின் தடுப்புப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ இதை இறுதிவரை கொண்டுபோனார்: நால்வருக்கு மேல் ஒருவரையும் பாயவிடாமலே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். ஈகிள்ஸ் 40–22.

இன்று பெரும்பாலோர் ஏற்கும் பதில் இதுதான். ஆனால் இது திட்டமா, ஆள்பலமா? 2021 ஆட்டத்தில் மஹோம்ஸைக் காக்கும் சீஃப்ஸின் வழக்கமான இரண்டு ஓரக் காவலர்களும் காயத்தால் ஆடவில்லை. நால்வரால் வெல்ல முடிகிற அணிக்குத்தான் நால்வரை அனுப்பும் திட்டம் கிடைக்கிறது. எளிய அணி தன்னைவிட வலிய தாக்குதலை எப்படி எதிர்கொள்வது என்ற முதல் கேள்விக்கு இது நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

எதையும் மாற்றாத பதில்

எதிரணி யாராக இருந்தாலும் நம் ஆட்டத்தையே ஆடுவோம் என்பது ஒரு நிலைப்பாடு. 2013 பருவத்தில் டென்வர் பிராங்கோஸ் 606 புள்ளி எடுத்தது. அப்போது அங்கே ஆடிய மானிங் 55 டச்டவுன் பாஸ்கள் எறிந்தார். பீட் கேரலின் சியாட்டில் சீஹாக்ஸ் பருவம் முழுக்க ஆடிய அதே எளிய அமைப்பை, மூன்று பேர் ஆழத்தில் நிற்கும் அமைப்பை, பெரிதும் மாற்றாமல் இறுதிக்கும் கொண்டுவந்தது. 43–8, வென்றது சீஹாக்ஸ்.

அன்று மானிங் 34 பாஸ்களை முடித்தார். அது அப்போதைய சூப்பர் பவுல் சாதனை. குறும்பாஸ்கள் எல்லாம் கிடைத்தன, ஆனால் பிடித்தவர் பிடித்த இடத்திலேயே விழுந்தார். திட்டத்தை மாற்றாததாகத் தோன்றும் இந்த அணியும் குறும்பாஸை விட்டுக்கொடுக்கும் முடிவைப் பருவத்தின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டிருந்தது என்பதே சரியான வாசிப்பு.

விதிப் புத்தகம்

தடுப்பவர்களின் வெற்றி நெடுநாள் நிலைப்பதில்லை. விதிகள் எதிர்ப்பக்கம் நகர்கின்றன. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் போன்றவர்கள் ரிசீவர்களை வழியெல்லாம் இடித்துத் தடுத்த காலத்துக்குப் பின், 1978-இல் ஐந்து யார்டுக்கு அப்பால் தொடக்கூடாது என்ற விதி வந்தது. 2004 ஜனவரியில் பேட்ரியட்ஸ் கோல்ட்ஸின் ரிசீவர்களை இறுக்கிப் பிடித்து மானிங்கின் நான்கு பாஸ்களைப் பறித்தது. அடுத்த பருவத்தில் அந்த விதியைக் கடுமையாக நடைமுறைப்படுத்துமாறு நடுவர்களுக்குச் சொல்லப்பட்டது. மானிங் அந்த ஆண்டு 49 டச்டவுன் பாஸ்கள் எறிந்து அன்றைய சாதனையை முறியடித்தார். 2002-இல் ஃபாக்கை இடித்த திட்டத்தை இன்று அப்படியே எடுத்து ஆட முடியுமா என்பது ஐயமே.

தீராதவை

மேலே சொன்ன வெற்றிகளில் நான்கை அருகருகே வைத்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. 1990 டிசம்பரில் ஜயன்ட்ஸ் இதே பில்ஸிடம் 17–13 என்று தோற்றிருந்தது. 2001 நவம்பரில் பேட்ரியட்ஸ் இதே ராம்ஸிடம் 24–17. 2007 டிசம்பரில் ஜயன்ட்ஸ் இதே பேட்ரியட்ஸிடம் 38–35. 2020-இல் பக்கனீர்ஸின் தோல்வியை முன்பே சொன்னேன். நான்கு திட்டங்களும் அதே பருவத்தில் அதே அணியிடம் பட்ட தோல்விக்குப் பின் பிறந்தவை. பேட்ரியட்ஸும் பக்கனீர்ஸும் முதல் ஆட்டத்தின் அணுகுமுறையை இறுதியில் கைவிட்டன. மூளையில் உதித்த தந்திரத்தைவிட, நேரில் அடிவாங்கிப் பெற்ற அறிவுக்கே இந்த வெற்றிகளில் பங்கு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் அந்த நான்கு தோல்விகளும் ஏழு புள்ளிக்கு மேல் போகாதவை. இரு அணிகளும் முதலிலிருந்தே நெருங்கிய பலம் கொண்டவை, இரண்டாம் முறை அதிர்ஷ்டம் மாறியது என்றும் வாதிடலாம். சீஹாக்ஸும் பிராங்கோஸும் அந்த லீக் பருவத்தில் சந்தித்ததே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொரு தடை, நம்மிடம் உள்ள சான்றுகளின் இயல்பு. வென்ற திட்டங்களே நினைவில் நிற்கின்றன. இதே போன்ற யோசனையோடு களமிறங்கித் தோற்ற அணிகள் எத்தனை என்று எவரும் எண்ணி வைக்கவில்லை. 1991 ஆட்டத்தின் கடைசி விநாடிகளில் பில்ஸின் ஸ்காட் நார்வுட் 47 யார்டிலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கம் விலகிப் போனது. அது உள்ளே போயிருந்தால் பில்ஸ் 22–20 என்று வென்றிருக்கும். திட்டத்தில் ஒரு சொல்கூட மாறியிருக்காது. அது கேன்டனுக்கும் போயிருக்காது.

என் கணிப்பு இவ்வளவுதான்: எதிரணி எதை விரும்புகிறதோ அதை மறுத்து, எதை வேண்டாவெறுப்பாக எடுக்குமோ அதைத் திறந்துவிடுவது இதுவரையிலான பதில்களில் உறுதியானது. நால்வர் பலம் இருக்கும் அணிக்கு அது எளிது, இல்லாத அணிக்கு அது வெறும் வாய்ப்பு. அந்த வாய்ப்பின் அளவு எவ்வளவு என்பது இன்னும் தீரவில்லை. கால்களாலும் தப்பி ஓடும் மஹோம்ஸ் போன்ற குவார்ட்டர்பேக்குகள் வந்தபின் மூன்று விநாடிக் கணக்கும் ஆட்டம் காண்கிறது.

ஓவனின் குடைக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950 லீக் பருவத்தில் பிரவுன்ஸ் இரண்டு ஆட்டங்களில்தான் தோற்றது, இரண்டுமே ஜயன்ட்ஸிடம். இரு அணிகளும் சமநிலையில் முடித்ததால் டிசம்பர் 17 அன்று மூன்றாம் முறை மோதின. பிரவுன்ஸால் அன்றும் ஒரு டச்டவுன்கூட எடுக்க முடியவில்லை. இரண்டு ஃபீல்டு கோல்களும், ஜயன்ட்ஸை அதன் சொந்த எல்லைக்குள்ளேயே வீழ்த்தியதற்கான 2 புள்ளியும் மட்டும் கிடைத்தன. ஆட்டம் 8–3. வென்றது பிரவுன்ஸ், அந்த ஆண்டின் சாம்பியனும் அதுவே.